ஆள் வருது

ஜனவரி 12

துரைக்கு,

அக்கா எழுதுகிறேன். கடிதத்தைப் பார்த்ததும் பதறாதே, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. என் காதுதான் சுத்தமாகப் படுத்துவிட்டது. போன வாரம் நீ போனில் பேசினாயே, கடைசிவரை 'உம், உம்' என்று கேட்டுக்கொண்டேன், ஒரு வார்த்தை விளங்கவில்லை. மருமகள் பக்கத்தில் நின்று, "மாமா என்ன சொல்றாரு அத்தை?" என்றாள். "நல்லா இருக்கானாம்" என்று சொல்லி வைத்தேன். நல்லா இருக்கிறாயா? இனிமேல் நமக்குள் கடிதம்தான். உன் கோழிக் கிறுக்கலைப் படித்து எனக்குப் பழக்கம் உண்டு.

என் வீட்டுக்காரர் தவறி, வருகிற மாதத்தோடு ஒரு வருஷம். இப்போது என் மகனுக்கு, உன் மருமகன்தான், வேறு ஊருக்கு மாற்றல். அங்கே இரண்டே அறைதானாம். "உனக்கு அங்க சரிப்படாதும்மா" என்று தரையைப் பார்த்துச் சொன்னான். பாவம், அவனைக் குறை சொல்ல மாட்டேன். வயதானவர்களுக்கென்று இங்கே ஒரு குடியிருப்பு கட்டுகிறார்கள். அதில் எனக்கு ஓர் அறை பார்த்து வைத்திருக்கிறான். ஜன்னலைத் திறந்தால் பூங்கா தெரியுமாம். ஆகஸ்ட் முடிவதற்குள் சரி என்று கையெழுத்துப் போட வேண்டும். எனக்கு இன்னும் மனசு ஒப்பவில்லை. அது கிடக்கட்டும்.

நேற்று டிவியில் ஒரு கறுப்பு வெள்ளைப் படம் ஓடியது. சத்தம் இல்லாமல் படத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். நம் பெரிய தியேட்டர் ஞாபகம் வந்துவிட்டது. அது இன்னும் இருக்கிறதா? ரயில்வே கேட்டுக்குப் பக்கத்திலிருந்த சின்ன தியேட்டர்? சுவர் பூராவும் கண்ணாடி மாட்டிய அந்த ஹோட்டல்? ஸ்டேஷனில் இறங்கினால் கண்ணை மூடிக்கொண்டு நம் வீட்டுக்கு வந்துவிட முடியும் அப்போது. இப்போதும் முடியுமா? எல்லாவற்றையும் விவரமாக எழுது. உன் சாப்பாடு எங்கே என்றும் எழுது.

அக்கா

•

பிப்ரவரி 3

அன்புள்ள அக்காவுக்கு,

தபால்காரர் கீழே நின்று போட்ட சத்தத்தில், எனக்கும் கடிதம் எழுத ஆள் இருக்கிறது என்று தெருவுக்கே தெரிந்துவிட்டது. உடம்பு பரவாயில்லை. முட்டியும் முதுகும் முறை வைத்து வலிக்கின்றன. இரண்டும் ஒரே நாளில் வருவதில்லை, அந்த மட்டில் நல்ல பிள்ளைகள். உன் காதுக்கு டாக்டரைப் பார்த்தாயா?

நீ கேட்டதற்கு வருகிறேன். பெரிய தியேட்டர் போயே போய்விட்டது. இடித்து ஐந்து மாடிக்குக் கடைகள் கட்டியிருக்கிறார்கள். அந்தக் கட்டடத்து லிஃப்டைப் பார்த்துக்கொள்வது உன் தம்பிதான். ஓய்வு பெற்ற பிறகும் கம்பெனி என்னை விடவில்லை, எனக்கும் வீட்டில் உட்கார்ந்து என்ன செய்வது. லிஃப்ட் மோட்டார் இருக்கும் அறை மொட்டை மாடியில் இருக்கிறது. பால்கனிப் படிக்கட்டு இருந்த இடத்தில்தான் லிஃப்ட் ஏறி இறங்குகிறது. நாம் இரண்டிரண்டு படியாகத் தாவி ஓடிய இடத்தில் இப்போது எல்லோரும் அசையாமல் நின்றுகொண்டு மேலே போகிறார்கள்.

கேட் தியேட்டர் மரச்சாமான் கிடங்காகிவிட்டது. தரையைச் சமம் செய்ய அவர்களுக்கு மனம் வரவில்லை. பின்னாலிருப்பவருக்குப் படம் தெரிவதற்காகச் சரிவாகப் போட்டிருந்தார்களே, அந்தச் சரிவு அப்படியே இருக்கிறது. விற்க வைத்திருக்கும் அலமாரிகள் எல்லாம் முன்பக்கம் சாய்ந்து நிற்கின்றன. யாரும் தொடாமலே கதவு திறந்துகொள்கிறது. கடைக்காரருக்குக் கதவு சாத்தியே கை ஓய்ந்து போயிற்று.

கண்ணாடி ஹோட்டல் ஒன்றுதான் பாக்கி. என் சாப்பாடு அங்கேதான். முதலாளிக்கு என் முகம் பழக்கம், நான் கேட்காமலே தட்டு வந்துவிடும். ஸ்டேஷனில் இறங்கிக் கண்ணை மூடிக்கொண்டு நடந்தால் நேராக ஏதாவது பேருந்துக்கு அடியில் போவாய், அந்த யோசனையே வேண்டாம்.

பூங்கா தெரியும் அறை என்றால் காற்றோட்டம் இருக்கும். மருமகன் விவரமானவன், நன்றாக விசாரித்துத்தான் பார்த்திருப்பான். நீ யோசித்துச் செய்.

தம்பி

•

மார்ச் 1

துரைக்கு,

எனக்குக் காதைத் தவிர எல்லாம் ஒழுங்காக வேலை செய்கிறது. நீ முதுகுக்கு ஒத்தடம் கொடுக்கிறாயா, இல்லை வெறுமனே திட்டிக்கொண்டிருக்கிறாயா?

அலமாரிக் கதவு விஷயத்தைப் படித்து நான் சிரித்த சிரிப்பில் மருமகள் சமையலறையிலிருந்து ஓடி வந்துவிட்டாள். அவளுக்குச் சொல்லிப் புரியவைக்கப் பார்த்தேன். சரிவான தரை, நம்பர் இல்லாத சீட்டு, முதலில் போகிறவன் கைக்குட்டை போட்டு இடம் பிடிக்கிறது, எதுவும் அவளுக்கு எட்டவில்லை. "கைக்குட்டையை எடுத்துக் கீழ போட்டுட்டு உக்கார வேண்டியதுதானே அத்தை?" என்கிறாள். அப்படி யாராவது செய்வார்களா? கைக்குட்டை போட்டால் போட்டதுதான்.

நீ முன்னால் ஓடிவிடுவாய். நான் பாத்திரம் கழுவி, அம்மாவுக்கு மருந்து கொடுத்து, படுக்கையைச் சரி பண்ணிவிட்டு வரும்போது படம் ஓடிக்கொண்டிருக்கும். டார்ச் அண்ணன் வெளிச்சம் அடித்துக் கொண்டுவந்து விடுவார். நான் உட்கார்ந்ததும் நீ என் காதில் "இதுவரைக்கும் என்ன ஆச்சுன்னா" என்று ஆரம்பிப்பாய். பின்னாலிருப்பவர்கள் உஸ் உஸ் என்பார்கள். பாதிக் கதை நீயே இட்டுக்கட்டியது என்று எனக்கு எப்போதோ தெரியும். ஒரு படத்தில் கதாநாயகனின் அப்பா செத்துவிட்டார் என்று சொன்னாய். இடைவேளைக்கு அப்புறம் அவர் பாட்டுக்கு நடந்து வந்து சாப்பிட உட்கார்ந்தார்.

திரை போட்ட குடும்ப அறைகள் இருந்ததே, மாடி ஹோட்டல், அது என்ன ஆயிற்று? ஒரு ஐஸ்கிரீம் வாங்கி இரண்டு கரண்டி கேட்போம். பெரிய மனுஷன் மாதிரி நீ திரையை இழுத்து விடுவாய்.

அந்தக் குடியிருப்பைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார்கள். சுத்தமாகத்தான் இருக்கிறது. சாப்பாட்டுக் கூடத்தில் ஒவ்வொரு நாற்காலியிலும் ஒரு பெயர் ஒட்டியிருக்கிறது. யாருக்கும் யாரும் இடம் பிடித்து வைக்க வேண்டாம். எல்லோரும் அவரவர் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டுவிட்டு எழுந்து போனார்கள்.

சும்மா கேட்கிறேன், நம் வீட்டில் என் அறையில் இப்போது யார் இருக்கிறார்கள்?

அக்கா

•

மார்ச் 25

அன்புள்ள அக்காவுக்கு,

ஒத்தடமும் கொடுக்கிறேன், திட்டவும் செய்கிறேன். எது கேட்கிறது என்று தெரியவில்லை, கொஞ்சம் குறைந்திருக்கிறது.

மாடி ஹோட்டல் இப்போது பல் ஆஸ்பத்திரி. குடும்ப அறைகளை அப்படியே தடுப்பாக வைத்துக்கொண்டார்கள். போன வருஷம் என் கடைவாய்ப் பல்லை அங்கேதான் பிடுங்கினார்கள். நாம் வழக்கமாக உட்காரும் மூன்றாவது அறை. வாயைத் திறந்து வைத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தால், கூரையில் அதே பழைய மின்விசிறிக் கொக்கி. டாக்டர் சின்னப் பெண். "ஐயா, ஏன் சிரிக்கிறீங்க, மருந்து அதிகமாயிடுச்சா?" என்றாள். இந்த அறையில் ஐஸ்கிரீம் சாப்பிட்டிருக்கிறேன் என்றேன். அதனால்தான் பல் போனது என்று அவள் முடிவுகட்டிவிட்டாள்.

உன் அறையில் யாரும் இல்லை. என் சாமான்கள்தான். பழைய மோட்டார், கம்பிச் சுருள்கள், கழற்றிய பொத்தான் பலகைகள். மழை வந்தால் மேற்கு மூலையில் ஒழுகும், ஒரு வாளி வைத்திருக்கிறேன். மாடிப்படியும் முன்னைவிடச் செங்குத்தாகிவிட்டதுபோல எனக்கே தோன்றுகிறது, கைப்பிடி வேறு ஆடுகிறது. தண்ணீர் ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் வருகிறது. நீ கேட்டதால் உள்ளதை உள்ளபடி எழுதினேன்.

பெயர் ஒட்டிய நாற்காலி நல்ல ஏற்பாடுதானே? யாரோடும் மல்லுக்கட்ட வேண்டாம்.

தம்பி

•

ஏப்ரல் 20

துரைக்கு,

நான் சுகம். உன் சுகத்தை நீ எழுதினால்தானே தெரியும்.

அறையைப் பற்றி விவரமாக எழுதியதற்குச் சந்தோஷம். புரிந்துகொண்டேன்.

இங்கே வீட்டைக் காலி செய்ய இப்போதே ஆரம்பித்துவிட்டார்கள். மருமகள் ஒவ்வொரு பொருளாக எடுத்துக் காட்டி, "இது வேணுமா அத்தை?" என்கிறாள். வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிச் சொல்லி, கடைசியில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தபோதும் வேண்டாம் என்றுவிட்டேன்.

கல்யாணத்துக்கு முன்னால் கடைசியாக நாம் போவதாக இருந்த படம் நினைவிருக்கிறதா? நீ வழக்கம்போல முன்னால் போய்விட்டாய். நான் தலை வாரிக்கொண்டிருக்கிறேன், அவர் வீட்டு ஆட்கள் சொல்லாமல் கொள்ளாமல் பேச வந்து உட்கார்ந்துவிட்டார்கள். அப்புறம் எங்கே கிளம்புவது. நான் வரவில்லை என்று தெரிந்ததும் இரண்டு சீட்டிலும் காலை நீட்டிக்கொண்டு ராஜா மாதிரி பார்த்திருப்பாய். அந்தப் படம் எப்படி முடிந்தது என்று நீ எனக்குச் சொல்லவே இல்லை. இப்போதாவது சொல்.

அக்கா

•

ஜூன் 14

அன்புள்ள அக்காவுக்கு,

தாமதத்துக்குக் கோபித்துக்கொள்ளாதே. கையெழுத்து இன்னும் மோசமாக இருக்கும், படுத்துக்கொண்டு எழுதுகிறேன். சாதாரணக் காய்ச்சல்தான். இப்போது இறங்கிவிட்டது. கடைகளில் இரண்டு நாள் லிஃப்ட் நின்று போனதால், நான் படுத்திருப்பது அந்தக் கட்டடத்துக்கே தெரிந்துவிட்டது. காவலாளி வந்து கதவைத் தட்டி, "லிஃப்டுக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டார். லிஃப்டுக்கு என்ன ஆயிற்று என்று மட்டும் சொல்லி அனுப்பினேன்.

கண்ணாடி ஹோட்டலை மே மாதம் மூடிவிட்டார்கள். முதலாளிக்கு வயதாகிவிட்டது, பிள்ளைகளுக்கு இஷ்டமில்லை. முன்கூட்டியே சொன்னால் எல்லோரும் வந்து துக்கம் விசாரிப்பார்கள் என்று யாரிடமும் சொல்லவில்லையாம். நான் வழக்கம்போல ராத்திரிச் சாப்பாட்டுக்குப் போனேன். நாற்காலிகளைக் கவிழ்த்து மேஜைமேல் வைத்திருந்தார்கள். ஆட்கள் ஏணி போட்டுக் கண்ணாடிகளைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். முதலாளி என்னைப் பார்த்துவிட்டு, "உங்களுக்கு மட்டும் ஏதாவது போடச் சொல்லட்டுமா?" என்றார். ஆம்லெட்டும் ரொட்டியும் கொடுத்தார்கள், நின்றுகொண்டே சாப்பிட்டேன். போகும்போது ஒரு கண்ணாடியை எடுத்துப் போகச் சொன்னார். மறுக்கத் தெரியவில்லை.

அங்கே சாப்பிடும்போது ஒரு சௌகரியம் இருந்தது அக்கா. நான்கு பக்கமும் கண்ணாடி. தனியாக உட்கார்ந்தாலும் கல்யாணப் பந்தி மாதிரி வரிசையாக ஆள் தெரியும். இப்போது கண்ணாடியை என் அறையில் சாத்தி வைத்திருக்கிறேன். சமைக்கப் பழகுகிறேன். முதல் நாள் உப்பு போட மறந்தேன், அடுத்த நாள் நேற்றைய பாக்கியையும் சேர்த்துப் போட்டுவிட்டேன்.

நீ கேட்ட படத்தின் முடிவு எனக்கு நினைவில்லை.

தம்பி

•

ஜூலை 5

என் அன்புத் தம்பிக்கு,

காய்ச்சல் வந்தால் எழுத மாட்டாயா? தெருவில் யாரையாவது விட்டு ஒரு வரி போடச் சொல்லக் கூடாதா? உன் கடிதம் வராத நாளெல்லாம் இங்கே வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். கஞ்சி யார் வைத்துக் கொடுத்தார்கள்?

ஒன்று சொல்லிவிடுகிறேன். எனக்கு ஒரு அசட்டு யோசனை இருந்தது. அங்கேயே வந்து இருந்துவிடலாமா என்று. அதற்காகத்தான் அது இருக்கிறதா, இது இருக்கிறதா என்று சுற்றிச் சுற்றிக் கேட்டுக்கொண்டிருந்தேன். மகனிடம் ஒரு நாள் மெதுவாகச் சொன்னேன். "அங்க போய் என்னம்மா பண்ணப் போற, என்ன இருக்கு அங்க?" என்றான். உன் கடிதங்களை எடுத்து மறுபடி படித்தேன். தியேட்டர் இல்லை. மாடி ஹோட்டல் இல்லை. இப்போது கண்ணாடி ஹோட்டலும் இல்லை. என் அறை ஒழுகுகிறது. அவன் சொன்னது சரிதான். நீயும் 'வா' என்று ஒரு வார்த்தை எழுதவில்லை. உன் சௌகரியம் உனக்குத்தானே தெரியும், தனியாக இருந்தே பழகிவிட்டாய். கிழவி வந்து உட்கார்ந்துகொண்டால் உனக்கும் பாரம்தான். இதில் எனக்கு வருத்தம் இல்லை என்று எழுதினால் பொய். ஆனால் கோபம் இல்லை.

குடியிருப்புக்குச் சரி சொல்லச் சொல்லிவிட்டேன். ஆகஸ்ட் கடைசியில் கையெழுத்து. நீ எனக்காகக் கவலைப்படாதே. உப்பைக் கடைசியில் போடு, ருசி பார்த்துவிட்டுப் போடு.

அக்கா

•

ஜூலை 16

அக்கா,

உடம்பு, முட்டி, முதுகு எல்லாம் அப்புறம். இதை முதலில் படி.

அந்தப் படத்தின் முடிவு நினைவில்லை என்று எழுதினேன். நினைவில்லாமல் இல்லை. நான் பார்க்கவே இல்லை.

அன்றைக்குப் புதுப் படம், சரியான கூட்டம். எனக்குப் பக்கத்துச் சீட்டில் உனக்குக் கைக்குட்டை போட்டேன். விளக்கு அணைவதற்கு முன்னாலேயே கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். "தம்பி, இங்க யாராவது இருக்காங்களா?" "ஆள் வருது." நீதான் எப்போதும் தாமதமாக வருகிறவள் ஆயிற்றே, எனக்குப் பயமே இல்லை. முதல் பாட்டு போயிற்று, இரண்டாவது பாட்டு போயிற்று. ஆள் வருது, ஆள் வருது. இடைவேளை விட்டார்கள். கையில் சோடாவோடு ஒரு தடித்த மனிதர் வந்தார். "பாதிப் படம் முடிஞ்சிருச்சு, இன்னும் என்னடா ஆள் வருது? எந்திரிச்சு எடு" என்று கைக்குட்டைமேல் கை வைத்தார். நான் சீட்டைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். டார்ச் அண்ணன் வந்து வெளிச்சம் அடித்துப் பார்த்தார். "விடுங்க சார், அக்காவுக்குப் போட்டிருக்கான். அவ வந்துருவா" என்றார். அவரும் நம்பினார் அக்கா. இடைவேளைக்குப் பிறகு நான் திரையைப் பார்க்கவில்லை, கதவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கதவு திறந்து வெளிச்சம் விழும்போதெல்லாம், இதுவரைக்கும் என்ன ஆச்சுன்னா என்று மனசுக்குள் ஆரம்பித்துக்கொள்வேன். படம் முடிந்து எல்லோரும் எழுந்து போன பிறகுதான் கைக்குட்டையை எடுத்தேன். வீட்டுக்கு வந்தால் உன் கல்யாணத்தைப் பேசி முடித்திருந்தார்கள். நீ சிரித்துக்கொண்டிருந்தாய். அதில் போய் நான் என்ன சொல்ல.

என்ன இருக்கிறது அங்கே என்று மருமகன் கேட்டானாம். நீயும் எது எது இருக்கிறது என்றுதான் கேட்டாய். நான் மண்டு, கேட்டதற்குக் கேட்டபடி பதில் எழுதினேன். தியேட்டரைக் கேட்டால் தியேட்டரைப் பற்றி, அறையைக் கேட்டால் அறையைப் பற்றி. பூங்கா தெரியும் அறையை விட்டுவிட்டு இங்கே வந்து வாளி வைத்துக்கொண்டு படு என்று எந்த வாயால் சொல்வது? எனக்கு ஆள் வேண்டும் என்பதற்காக உன்னைக் கூப்பிட்டதாகிவிடும் என்று வாயை மூடிக்கொண்டேன். எனக்கு ஆள் வேண்டும்தான். காய்ச்சலில் கஞ்சி யார் வைத்தார்கள் என்று கேட்டாய். யாரும் வைக்கவில்லை.

எல்லாவற்றையும் எழுதியவன் ஒன்றை எழுதாமல் விட்டுவிட்டேன். நான் இருக்கிறேன் அக்கா. தியேட்டர் இல்லை, ஹோட்டல் இல்லை, நான் இருக்கிறேன்.

உன் அறையைக் காலி செய்ய ஆரம்பித்துவிட்டேன். கையெழுத்துப் போட்டுவிடாதே. வா.

தம்பி

•

ஆகஸ்ட் 9

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா? போன மாதம் ஒரு கடிதம் போட்டேன், கிடைத்ததா என்று தெரியவில்லை. தபால் தவறியும் போகும்.

மேற்கு மூலை ஒழுகலை அடைத்தாகிவிட்டது. நேற்று மழை பெய்தது, வாளியில் சொட்டுத் தண்ணீர் இல்லை. மாடிப்படிக்கு இரண்டு பக்கமும் புதுக் கைப்பிடி போட்டிருக்கிறேன். நான் போட்ட கைப்பிடி, யானை பிடித்து இழுத்தாலும் வராது. இதெல்லாம் எப்படியும் செய்ய வேண்டியதுதான். நீ ஏற்கனவே கையெழுத்துப் போட்டிருந்தால் ஒன்றும் நினைத்துக்கொள்ளாதே. பூங்கா இருக்கிறது, காற்றோட்டம் இருக்கிறது, நல்லதுதான்.

தம்பி

•

ஆகஸ்ட் 27

துரைக்கு,

உன் இரண்டு கடிதமும் கிடைத்தன. முதலாவதைப் படித்த அன்று நான் சாப்பிடவில்லை. மருமகள் பயந்துபோய் மகனுக்குப் போன் போட்டுவிட்டாள்.

உடனே எழுதவில்லை என்று திட்டியிருப்பாய். திட்டு. உன் கடிதம் வருவதற்கு முன்னாலேயே இவன் அவர்களிடம் சரி சொல்லி, ஏற்பாடெல்லாம் செய்துவிட்டிருந்தான். அதிலிருந்து கழற்றிக்கொள்ள இத்தனை நாள் ஆயிற்று. முடியுமா முடியாதா என்று தெரியாமல் வருகிறேன் என்று எழுதி, அப்புறம் வர முடியாமல் போனால்? உன்னை இரண்டாம் தடவையும் கதவைப் பார்க்க வைக்க எனக்குத் தெம்பில்லை. எல்லாம் முடிந்த பிறகுதான் பேனாவை எடுத்தேன்.

இவன் விடவில்லை. "யோசிச்சியாம்மா? அங்க என்ன இருக்கு?" என்று மறுபடியும் அதே கேள்வி. "என் தம்பி இருக்கான்டா" என்றேன். அப்புறம் டிக்கெட் பார்க்கப் போனான். அக்டோபரில்தான் கிடைத்தது. இங்கே வீட்டை ஒப்படைத்துவிட்டு, இவர்களை வண்டி ஏற்றிவிட்டு, அதன் பிறகு நான். வழக்கம்போலத் தாமதம்தான்.

நீ சீட்டைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தாய் என்பது எனக்குத் தெரியாதுடா. இத்தனை வருஷமாக நீ காலை நீட்டிக்கொண்டு பார்த்ததாகவே நினைத்து எத்தனை தடவை சிரித்திருக்கிறேன். அவரிடமும் அப்படித்தான் சொல்லியிருக்கிறேன்.

ஒரே ஒரு நிபந்தனை. உன் கடிதங்களில் ஊர்க் கதை பூராவும் இருக்கிறது, நீ இல்லை. நான் கல்யாணமாகிப் போன நாளிலிருந்து உனக்கு என்ன நடந்தது என்று எனக்கு உருப்படியாக ஒன்றும் தெரியாது. ஏன் கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை என்றுகூடத் தெரியாது. நான் வந்து உட்கார்ந்ததும், இதுவரைக்கும் என்ன ஆச்சு என்று நீ சொல்ல வேண்டும். இட்டுக்கட்டாமல் சொல்ல வேண்டும். மெதுவாகச் சொன்னால் எனக்கு இப்போது கேட்காது, உரக்கவே சொல். உஸ் என்று சொல்லப் பின்னால் யாரும் இல்லை.

அக்கா

•

செப்டம்பர் 11

அன்புள்ள அக்காவுக்கு,

இரண்டு முட்டியும் முதுகும் சேர்ந்தே வலிக்கின்றன. உன் அறையிலிருந்த மோட்டாரைத் தனியாளாக இறக்கியதால் வந்தது. வேறு குறை ஒன்றும் இல்லை.

கேட் தியேட்டர் கிடங்கிலிருந்து உனக்கு ஒரு அலமாரி வாங்கிவிட்டேன். கடைக்காரர் கதவுக்குக் கயிறு கட்டிக் கொடுத்தார். "வீட்டுக்குப் போனா இது தேவைப்படாது" என்றேன். நம் வீட்டுத் தரை மட்டமானது, கதவு சாத்தினால் சாத்தியபடி நிற்கிறது. கண்ணாடியை உன் அறைச் சுவரில் மாட்டியிருக்கிறேன். ஜன்னலோரம் ஒரு நாற்காலி. பூங்கா தெரியாது. எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டியும் அதற்குமேல் கொஞ்சம் வானமும் தெரியும்.

ஸ்டேஷனுக்கு நான் வந்துவிடுவேன். நீ பாட்டுக்குக் கண்ணை மூடிக்கொண்டு கிளம்பிவிடாதே.

கல்யாணம் ஏன் பண்ணிக்கொள்ளவில்லை என்பதற்கெல்லாம் கடிதத்தில் இடம் போதாது, நேரில் சொல்கிறேன். இட்டுக்கட்டாமல் சொல்லப் பார்க்கிறேன். பழக்க தோஷம், நடுவில் எங்காவது கொஞ்சம் வந்துவிட்டால் பொறுத்துக்கொள்.

நேற்று கண்ணாடி ஹோட்டல் முதலாளி வந்திருந்தார். கடையை மூடியதிலிருந்து அவருக்குப் பொழுது போகவில்லை, கண்ணாடியைப் பார்த்துவிட்டுப் போக வந்தேன் என்றார். உன் அறைக்குக் கூட்டிப் போனேன். கண்ணாடி முன்னால் நின்று தலையைத் தடவிக்கொண்டார், புது பெயின்ட் நன்றாக இருக்கிறது என்றார். பிறகு கால் வலிக்கிறது என்று ஜன்னலோர நாற்காலியில் உட்காரப் போனார். அதன்மேல் என் கைக்குட்டை கிடந்தது. தூசு தட்டிவிட்டு மறந்து வைத்ததாக நினைத்து, எடுக்கக் கையை நீட்டினார்.

"ஆள் வருது" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார், கைக்குட்டையைப் பார்த்தார். பிறகு என் சாமான் பெட்டியை இழுத்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்துகொண்டார்.

தம்பி